இரண்டாம் பாகத்துக்குப் புதிய ரகசியம் வேண்டும்

உளவுப் படம் ஒன்று ஓடிவிட்டால், அடுத்த வாரமே தயாரிப்பாளர் அலுவலகத்தில் இரண்டாம் பாகப் பேச்சு தொடங்கிவிடும். சில இயக்குநர்கள் முதல் பாகத்தின் கடைசி ஷாட்டிலேயே அதற்குத் துண்டு போட்டு வைக்கிறார்கள். வியாபாரக் கணக்கில் இது சரிதான். தலைப்பு ஜனங்களுக்குப் பழகிவிட்டது, ஹீரோவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, ஓப்பனிங் பற்றிய கவலையும் குறைவு. எழுதுகிறவருக்கு மட்டும் வேலை இருமடங்கு. மற்ற வகைப் படங்களில் ரசிகர் கதாபாத்திரத்தோடு மறுபடி இரண்டரை மணி நேரம் இருக்க வருகிறார். உளவுப் படத்துக்கோ, தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள வருகிறார். முதல் பாகம் முடிந்தபோதே அவர் அந்த ரகசியத்தைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பல இரண்டாம் பாகங்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. பட்ஜெட் கூடுகிறது, ஊர்கள் கூடுகின்றன, ஃபைட் கூடுகிறது. ரகசியம் மட்டும் பழையதாகவே இருக்கிறது. டிஸ்கஷன் அறையில் உட்கார்ந்து இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளர்களுக்கும் உதவி இயக்குநர்களுக்கும் உதவும் சில வழிகளை, நாம் எல்லோரும் பார்த்த படங்களை வைத்தே சொல்கிறேன்.

முதல் பாகம் எதைச் செலவழித்தது?

2013இல் வந்த ‘விஸ்வரூபம்’ படத்தின் முதல் பகுதியை மறுபடி போட்டுப் பாருங்கள். நியூயார்க்கில் கதக் சொல்லித்தரும் விஸ்வநாத். நடையில் நளினம், பேச்சில் மென்மை, சமையலறையில் கைப்பக்குவம். கணவனை விட்டு விலக நினைக்கும் நிருபமா அவனிடம் ஏதாவது ஒரு குறை கிடைக்காதா என்று துப்பறிவாளர் ஒருவரைப் பின்தொடர விடுகிறாள். அவர் மூலம்தான் முதல் விரிசல் விழுகிறது: விஸ்வநாத் தொழுகை நடத்துகிறான். பிறகு கிடங்குக் காட்சி. கை கட்டப்பட்டு அடி வாங்கிக்கொண்டிருப்பவன் தொழ வேண்டும் என்று கேட்கிறான். கட்டு அவிழ்கிறது. சில நொடிகளில் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் சரிந்து கிடக்கிறார்கள். கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஒருமுறை காட்டி, நடந்ததை நிதானமாக இன்னொரு முறை காட்டுகிறார் கமல்ஹாசன்.

அந்தக் காட்சிக்குத் தியேட்டர் அதிர்ந்ததற்கு ஃபைட் மாஸ்டர் மட்டும் காரணமல்ல. அதற்கு முந்தைய காட்சிகள் எல்லாம் சேர்ந்து நம்மை ஒரு பொய்யை நம்ப வைத்திருந்தன. மனைவிக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. அவள் வாயடைத்து நிற்கும்போது நாமும் அப்படியே நிற்கிறோம். அதன் பிறகு அவள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நம் கேள்வி.

2018 ஆகஸ்டில் ‘விஸ்வரூபம் 2’ வந்தபோது விஸ்வநாத் உண்மையில் யார் என்பது நிருபமாவுக்குத் தெரியும், வில்லன் ஓமருக்குத் தெரியும், தியேட்டரில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நடிகர்கள் அவர்களேதான், நடிப்பிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவாக வஹீதா ரஹ்மான் வருகிற, மகனையே அடையாளம் தெரியாத காட்சிகள் மனத்தைப் பிசைகின்றன. ஆனாலும் படம் முழுக்க நம்மை இழுத்துச் செல்ல ஒரு கேள்வி இல்லை. ‘இவன் யார்?’ என்ற இடத்தில் ‘அடுத்து எங்கே சண்டை?’ என்பது வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆகவே முதல் வேலை இது. ஒன்லைன் எழுதும் முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம், முதல் பாகம் முடிந்தபோது ரசிகருக்குத் தெரிந்துவிட்ட எல்லாவற்றையும் எழுதுங்கள்: ஹீரோவின் உண்மைப் பெயர், யாருக்காக வேலை செய்கிறான், யார் துரோகி, வில்லனின் நோக்கம், ஹீரோவின் திறமைகள். வலது பக்கம், இன்னும் தெரியாதவை. தெரிய வேண்டும் என்று ரசிகர் ஏங்குகிறவை மட்டும். வலது பக்கத்தில் ஒன்றுகூட இல்லையென்றால் உங்களிடம் இருப்பது ஒரு தலைப்பு. கதை இன்னும் வரவில்லை.

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள்

வலது பக்கம் காலியாக இருக்கும்போது எல்லோரும் ஓடிப் போய் நிற்கும் இடம் ஃப்ளாஷ்பேக். ஹீரோ எப்படிப் பயிற்சி பெற்றான், இந்த வேலைக்கு எப்படி வந்தான், கூட இருப்பவளை முதலில் எங்கே சந்தித்தான். ‘விஸ்வரூபம் 2’ ஒரே நேரத்தில் முன்கதையாகவும் தொடர்கதையாகவும் இருக்கப் பார்த்தது. ராணுவத்தில் இருந்தவன் எப்படி வேஷம் கட்டி ஓமரின் கூட்டத்துக்குள் நுழைந்தான் என்பதை விரிவாகச் சொன்னது. முதல் பாகத்தைப் பார்த்த யாரும் அதைக் கேட்கவில்லை. அவன் உள்ளே இருந்ததையும் அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதையும் முதல் பாகத்தின் ஆப்கானிஸ்தான் காட்சிகள் ஏற்கனவே அழுத்தமாகச் சொல்லிவிட்டன. காட்டிக்கொடுத்தவன் என்ற சந்தேகத்தில் வேறொருவன் ஊர் நடுவில் தூக்கிலிடப்பட, உண்மையில் வேவு பார்த்தவன் கூட்டத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த முகத்துக்குப் பிறகு பயிற்சி முகாம் காட்சிகள் புதிதாக என்ன சேர்த்துவிட முடியும்?

நல்ல ஃப்ளாஷ்பேக் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2004இல் வந்த ‘தி போர்ன் சுப்ரீமஸி’ படத்தைப் பாருங்கள். 2002இல் வந்த முதல் படத்தின் கேள்வி, ‘நான் யார்?’ நினைவிழந்த ஜேசன் போர்னுக்கும் நமக்கும் அதற்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது படம் கோவாவில் தொடங்குகிறது. போர்னின் காதலி மாரி அங்கேயே கொல்லப்படுகிறாள். ஆனால் படத்தை நடத்திச் செல்வது பழிவாங்கல் இல்லை. பெர்லின் ஹோட்டல் அறை ஒன்று துண்டு துண்டாக அவன் நினைவில் வந்து போகிறது. ‘அங்கே நான் என்ன செய்தேன்?’ என்பதுதான் இப்போது கேள்வி. முதல் படத்தில் நாம் பரிதாபப்பட்ட மனிதன், யாரோ ஒருத்தியின் பெற்றோரைக் கொன்றவன் என்று தெரியவரும்போது, நாம் முன்பு தெரிந்துகொண்டதன் அர்த்தமே மாறுகிறது. கடைசியில் மாஸ்கோவில் அந்த மகளைத் தேடிப் போய் உண்மையைச் சொல்கிறான்.

விதி எளிது. ஃப்ளாஷ்பேக் முதல் பாகத்தைப் புரட்டிப் போட வேண்டும். அதை விளக்க மட்டும் செய்தால் எடிட் டேபிள் வரை காத்திருக்காமல் ஸ்கிரிப்டிலேயே வெட்டிவிடுங்கள்.

மறைக்கும் ஆளை மாற்றுங்கள்

ஹீரோவின் ரகசியம் தீர்ந்துவிட்டது என்றால் இனி ரகசியமே இல்லை என்று அர்த்தமில்லை. யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற ஏற்பாட்டை மாற்றினால் பழைய ஹீரோவே புதிதாகத் தெரிவான். இதற்கு இரண்டு பாதைகள் உண்டு.

ஒன்று, ஹீரோவுக்குத் தெரியாததை ரசிகருக்குச் சொல்லிவிடுவது. ஜேம்ஸ் பாண்ட் வரிசையின் இரண்டாவது படமான ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ 1963இலேயே இதைச் செய்துவிட்டது. தொடக்கத்தில் இருட்டான தோட்டத்தில் பாண்ட் கழுத்து நெரிபட்டுச் சாகிறார். முகமூடியைக் கழற்றினால் அது வேறு யாரோ. கொலையாளிக்கு அது ஒத்திகை. பிறகு செஸ் ஆட்டக்காரர் ஒருவர் பாண்டுக்கான பொறியை வரைவதை நாம் முழுக்கப் பார்க்கிறோம். இத்தனைக்கும் பிறகுதான் உண்மையான பாண்ட் திரைக்கு வருகிறார். ரயிலில் தன்னோடு உட்கார்ந்து மீன் சாப்பிடுகிறவன் யார் என்று அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். முதல் படமான ‘டாக்டர் நோ’வில் அவரை நம்பி உட்கார்ந்திருந்த ரசிகர், இந்தப் படத்தில் அவருக்காகப் பதறுகிறார்.

இன்னொரு பாதை, ஹீரோவை மறுபடி ஒளித்துவைத்து, தேடிப் போக ஒரு புது ஆளை அனுப்புவது. நம் ஊரில் இதை அழகாகச் செய்த படம் லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’, 2022. சுஜாதாவின் எழுத்தில் 1986இல் வந்த ‘விக்ரம்’ படத்தின் உளவாளியை 36 ஆண்டுகள் கழித்துக் கொண்டுவருகிறார்கள். சாதாரணமாக எழுதியிருந்தால் பெரிய பில்டப்போடு ஒரு மாஸ் இன்ட்ரோ, அப்புறம் ஒரு மிஷன் என்று போயிருக்கும். லோகேஷ் ஹீரோவைத் தொடக்கத்திலேயே சாகவிடுகிறார். இறந்த கர்ணன் எப்படிப்பட்டவன் என்று விசாரிக்க ஃபகத் பாசிலின் அமர் வருகிறான். குடிகாரன் என்கிறார் ஒருவர், நல்ல தாத்தா என்கிறார் இன்னொருவர். ஒவ்வொரு வாக்குமூலமும் இன்னொன்றோடு முட்டுகிறது. இன்டர்வெல் பிளாக்கில் முகமூடி கழன்று கர்ணன் உயிரோடு நிற்கும்போது, பழைய படத்தைப் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் ஒரே அதிர்ச்சி. கர்ணனின் வீட்டில் வேலை செய்யும் அம்மா இரண்டாம் பாதியில் சட்டென்று ஏஜென்ட் டீனாவாக மாறி, கையில் கிடைத்ததை ஆயுதமாக்கிச் சண்டை போட்டதைத் தமிழ்நாடே பேசியது. எத்தனையோ முறை திரையில் பார்த்தும் நாம் அவரைக் கவனிக்கவில்லை. அந்த அலட்சியத்தை லோகேஷ் திட்டமிட்டு நம்மிடம் உண்டாக்கியிருந்தார்.

உங்கள் சீன் ஆர்டரை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சீனுக்கும் எதிரே மூன்று கட்டங்கள் போடுங்கள்: ஹீரோவுக்கு என்ன தெரியும், வில்லனுக்கு என்ன தெரியும், ரசிகருக்கு என்ன தெரியும். தொடர்ந்து ஐந்தாறு சீன்களில் மூவருக்கும் ஒரே விஷயம் தெரிந்திருந்தால் அங்கே படம் படுத்துவிடும். துப்பாக்கிச் சத்தத்தைக் கூட்டி அதை எழுப்ப முடியாது.

வில்லனின் திட்டமும் ஹீரோவின் காயமும் ஒரே வழியில் போகட்டும்

2006இல் வந்த ‘கசினோ ராயல்’ உளவுப் படங்களில் ஓர் உச்சம். அதை அடுத்து 2008இல் வந்த ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ அந்த உயரத்தை எட்டவில்லை என்பதைப் பாண்ட் ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். காரணத்தை ஆராய்ந்தால் எழுதுகிறவருக்கு ஒரு பெரிய பாடம் கிடைக்கும்.

‘கசினோ ராயல்’ படத்தில் சூதாட்ட மேஜையில் வைக்கப்படும் பணம் பிரிட்டிஷ் அரசுடையது. அதைக் காவல் காக்க வரும் கணக்கதிகாரிதான் வெஸ்பர். பாண்ட் காதலிக்கும் பெண்ணும் பாண்டின் மிஷனும் வேறு வேறு இல்லை. சீட்டாட்டம் நடக்கும்போது காதலும் நகர்கிறது. அவளுடைய துரோகம் தெரியவரும்போது காதலும் வழக்கும் ஒரே நொடியில் உடைகின்றன. 144 நிமிடம் ஓடும் அந்தப் படத்தின் மையமே, மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் முகங்கள்தான். எதிராளியின் முகத்தில் தெரியும் ஒரு சின்ன அசைவைப் படித்துவிட்டோம் என்று பாண்ட் நம்புகிறார். அதை நம்பியே தோற்கிறார்.

‘குவாண்டம்’ அந்தக் கதை முடிந்த கையோடு, கார் துரத்தலில் தொடங்குகிறது. பாண்டின் மனதில் இருக்கும் கேள்வி, வெஸ்பரை அந்த நிலைக்குத் தள்ளியது யார் என்பது. வில்லன் கிரீனின் திட்டமோ பொலிவியாவின் தண்ணீரைக் கைப்பற்றுவது. தனியாகப் பார்த்தால் அருமையான கரு. அதே பொலிவியாவின் கோச்சபாம்பா நகரில், தண்ணீர் விநியோகம் தனியார் கைக்குப் போனதை எதிர்த்து 2000இல் மக்கள் தெருவில் இறங்கிப் போராடியது நிஜ வரலாறு. ஆனால் தண்ணீரும் வெஸ்பரும் திரைக்கதையில் எங்கேயும் கைகோக்கவில்லை. நடுப் பகுதி முழுக்கத் தண்ணீர்க் கதை ஓடுகிறது. வெஸ்பரின் கணக்கைக் கடைசிச் சில நிமிடங்களில் ரஷ்யாவின் பனியில் தீர்த்துவிட்டுப் படம் முடிகிறது.

குறை சொல்லும்போது நிறையையும் சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் எழுத்தாளர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய இரண்டு காட்சிகள் உண்டு. ஒன்று, ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் ஏரி மேடையில் ஓபரா நடக்கும் இரவு. ரகசியக் கூட்டத்தார் பார்வையாளர்களோடு பார்வையாளர்களாக உட்கார்ந்து, காதில் வைத்த கருவி வழியே பேரம் பேசுகிறார்கள். பாண்ட் அதே லைனில் குறுக்கிட்டு, ‘உங்கள் பேச்சை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று தெரியப்படுத்துகிறார். பதறியவர்கள் எழுந்து வெளியேற, எழுந்தவர் முகங்களை எல்லாம் அவர் படம் எடுத்துக்கொள்கிறார். ஓர் ஆள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்து தப்பிக்கிறார். குண்டு ஒன்றும் வெடிக்காத இந்தச் சில நிமிடங்கள், முன்னால் வந்த துரத்தல்களை விட விறுவிறுப்பானவை. இங்கே ஆயுதமே தகவல்தான்.

இன்னொன்று விமானக் காட்சி. தூக்கமில்லாமல் குடித்துக்கொண்டிருக்கும் பாண்டிடம், என்ன குடிக்கிறாய் என்று நண்பர் கேட்கிறார். தெரியவில்லை என்று பாண்ட் பரிமாறுகிறவரைப் பார்க்க, அவர் கலவையை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். முதல் படத்தில் பாண்ட் வெஸ்பரின் பெயரை வைத்த அதே மது. அவள் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. முதல் பாகம் பார்த்தவருக்கு நெஞ்சில் தைக்கிறது. பார்க்காதவருக்கு, துக்கத்தில் இருக்கும் ஒரு மனிதன் தெரிகிறான். பழைய கதையை நினைவூட்ட வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு அதிகாரிகளை நிற்கவைத்து முதல் பாகத்தின் சுருக்கத்தை வசனமாகப் பேச வைக்காதீர்கள்.

சாவுக்கு மதிப்புக் கொடுங்கள்

உளவாளியின் கதையில் மரணம் திரும்பி வராத ஒன்றாக இருந்தால்தான் ஆபத்துக்கு அர்த்தம் உண்டு. ‘கிங்ஸ்மேன்’ முதல் படத்தில் காலின் ஃபர்த்தின் ஹாரி தலையில் சுடப்பட்டு விழுந்தபோது, இந்தக் கதையில் யாரும் பாதுகாப்பாக இல்லை என்று தியேட்டரே உணர்ந்தது. 2017இல் வந்த ‘கிங்ஸ்மேன்: தி கோல்டன் சர்க்கிள்’ அதே ஹாரியை உயிரோடு கொண்டுவந்தது. தலையில் பட்ட குண்டுக்கும் மருத்துவம் உண்டு என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்து யார் நெற்றியில் துப்பாக்கி வைத்தாலும் ரசிகர் சாவகாசமாக பாப்கார்ன் சாப்பிடுவார்.

நேர் எதிர்த் தவறும் இதே படத்தில் இருக்கிறது. முதல் பாகத்தில் ஹீரோவோடு சேர்ந்து பயிற்சி பெற்று, நம் அன்பைச் சம்பாதித்த ராக்ஸியைத் தொடக்கத்திலேயே ஓர் ஏவுகணைத் தாக்குதலில் முடித்துவிடுகிறார்கள். துக்கப்படக்கூட நேரம் தரவில்லை. பழைய பாத்திரங்களை வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகச் செய்யுங்கள். கொன்றுதான் ஆக வேண்டும் என்றால், அந்தச் சாவு ஹீரோ எடுக்கும் ஒரு முடிவை மாற்றட்டும். மாரியின் மரணத்துக்குப் பிறகு போர்ன் எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் அவள் இருக்கிறாள்.

தேதிக்காக எழுதாதீர்கள்

எவ்வளவு நல்ல எழுத்தாளராக இருந்தாலும் காலம் கொடுக்காவிட்டால் திரைக்கதை வேகாது. ‘குவாண்டம்’ எழுதப்பட்டபோது ஹாலிவுட்டில் 2007 நவம்பர் 5 முதல் 2008 பிப்ரவரி 12 வரை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் நடந்தது. ஷூட்டிங்கை ஜனவரியிலேயே தொடங்கிவிட்டார்கள். முழுமை பெறாத ஸ்கிரிப்டோடு இறங்கியதையும், நாயகன் டேனியல் கிரெய்க்கும் இயக்குநர் மார்க் ஃபார்ஸ்டரும் காட்சிகளைச் சரிசெய்துகொண்டே படமெடுத்ததையும் கிரெய்க்கே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். படம் ஓடியது 106 நிமிடம். முந்தைய படத்தை விட 38 நிமிடம் குறைவு. அடுத்த படமான ‘ஸ்கைஃபால்’ தயாரிப்பு நிறுவனத்தின் பணச் சிக்கலால் தள்ளிப்போய் 2012இல்தான் வந்தது. அந்த இடைவெளி எழுத்துக்கு வரமாகவே அமைந்தது என்று நினைக்கிறேன்.

காத்திருப்பு மட்டுமே போதும் என்றும் சொல்ல மாட்டேன். ‘விஸ்வரூபம் 2’ படத்தின் ஒரு பகுதி முதல் பாகத்தோடு சேர்த்தே எடுக்கப்பட்டு, ஐந்தாண்டுக்குப் பிறகு முழுமை பெற்று வந்தது. கையில் பழைய ஃபுட்டேஜ் இருந்தால் அதற்கேற்பக் கதையை வளைக்கத் தோன்றும். செலவழித்த பணம் அப்படிச் செய்யச் சொல்லும். உங்களிடமும் முதல் பாகத்தில் மிஞ்சிய காட்சிகள் இருக்கலாம். அவற்றைப் பார்க்காமல் புதுக் கதையை முதலில் எழுதி முடியுங்கள். பிறகு அந்தக் காட்சிகளுக்கு இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அவை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கருவுக்கு வேண்டிய இடத்தைக் கொடுக்கவும் அந்தக் காத்திருப்புக் காலம் பயன்படும். ‘விஸ்வரூபம் 2’ லண்டன் பக்கம் கடலில் மூழ்கிக் கிடக்கும் உலகப் போர்க் கால வெடிமருந்துக் கப்பலைக் கதைக்குள் கொண்டுவந்தது. நிஜத்திலும் தேம்ஸ் நதி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் ‘ரிச்சர்ட் மான்ட்கோமரி’ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் 1944இல் தரைதட்டி உடைந்தது. சுமார் 1,400 டன் வெடிபொருள் இன்னும் அதற்குள் இருக்கிறது; தண்ணீருக்கு மேலே கொடிமரங்கள் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. யாரும் குண்டைக் கடத்தி வர வேண்டியதில்லை. நகரத்தின் பக்கத்திலேயே குண்டு தயாராக உறங்குகிறது. ஒரு முழுப் படத்தைத் தாங்கக்கூடிய கரு இது. படத்தில் அது பல கிளைகளில் ஒன்றாகி, பாதி வழியில் முடிந்துபோகிறது. உங்கள் ட்ரீட்மென்டில் இப்படி ஒரு கரு இருந்தால், மற்ற மூன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கதை சொல்லப் போகும் முன்

தயாரிப்பாளரிடம் போவதற்கு முன் இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள்.

முதல் பாகம் பார்க்காத ஒருவரிடம் கதையைச் சொல்லுங்கள். எந்த இடத்தில் நீங்கள் நிறுத்தி, ‘முதல் பார்ட்ல என்ன ஆச்சுன்னா…’ என்று விளக்கம் கொடுக்கிறீர்களோ அந்த இடத்தைத் திருத்துங்கள்.

முதல் பாகத்தை நன்றாகப் பார்த்த இன்னொருவரிடம் இன்டர்வெல் வரை மட்டும் சொல்லிவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் இன்டர்வெல் பிளாக்கை மறுபடி எழுதுங்கள்.

ஒவ்வொரு ஃபைட்டுக்கும் எதிரே, இந்தச் சண்டையால் யாருக்குப் புதிதாக என்ன தெரியவருகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாத சண்டை எவ்வளவு செலவில் எடுத்தாலும் வெறும் உடற்பயிற்சிதான்.

ஹீரோவின் பெயரையும் படத்தின் தலைப்பையும் மாற்றிவிட்டு ஸ்கிரிப்டைப் படியுங்கள். அப்போதும் பக்கத்தைப் புரட்டத் தோன்றினால் படம் தன் காலில் நிற்கிறது. பழைய பெயரை எடுத்ததும் கதை விழுந்துவிட்டால், முதல் பாகத்தின் புகழைத்தான் நீங்கள் மறுபடி விற்கப் பார்க்கிறீர்கள்.

இத்தனையும் செய்த பிறகும் அந்தத் தாளின் வலது பக்கம் காலியாகவே இருந்தால், இரண்டாம் பாகம் வேண்டாம் என்று தயாரிப்பாளரிடம் துணிந்து சொல்லுங்கள். சொல்வது கஷ்டம். சம்பளம் பேசியிருப்பார்கள், கால்ஷீட் வாங்கியிருப்பார்கள். ஆனாலும் எழுத்தாளர் ஒருவரால்தான் அதைச் சரியான நேரத்தில் சொல்ல முடியும். சொல்லும்போது கையில் ஒரு புதுக் கதையோடு போங்கள். டிக்கெட் வாங்கி வரும் ரசிகர் முதல் பாகத்தில் தன் நம்பிக்கையை நம்மிடம் கொடுத்தவர். அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல நம்மிடம் இருக்கும்போது மட்டும் அவரைத் திரும்ப அழைப்பதே நியாயம்.